அம்மாவின் பால் கணக்கை மையில் எழுதினால் அது ஓவியமா?

கறைவிரல்

வணக்கம். அம்மாவின் பழைய பால் கணக்கு நோட்டை வைத்து ஒரு மை ஓவிய வரிசை செய்துகொண்டிருக்கிறேன். நோட்டில் இடது ஓரம் தேதி, பக்கத்தில் ½, 1, 1½, அங்கங்கே "வரலை", மாதக் கடைசியில் கூட்டல், அதன் கீழே இரட்டைக் கோடு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. இதைப் பெரிய கார்ட்ரிட்ஜ் தாளில், மை தொட்டு எழுதும் நிப்பு பேனாவால் திரும்ப எழுதுகிறேன். ஜனவரியின் மேலேயே பிப்ரவரி, அதன் மேல் மார்ச். டிசம்பர் ஏறும்போது ஒரு எண்ணும் படிக்க வராது. தேதிகள் எல்லா மாதமும் ஒரே இடத்தில் விழுவதால் இடது ஓரம் கன்னங்கரேலென்று தூண் மாதிரி நிற்கும். அளவு எழுதிய பக்கம் கொஞ்சம் கலைந்திருக்கும். "வரலை" எந்த நாளில் விழுமென்று சொல்ல முடியாது, அதனால் வலது ஓரத்தில் அது மட்டும் தனித்தனிக் கொடியாகத் தெரியும்.

ஒரு குழுக் கண்காட்சிக்கு அனுப்பினேன். "உழைப்பு தெரிகிறது, ஆனால் இது எழுத்து, டிராயிங் எங்கே?" என்று திரும்பி வந்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அதை விடுங்கள். என் கேள்வி இதுதான்: கையெழுத்து எந்த இடத்தில் ஓவியமாகிறது? அப்புறம், கடைசியில் படிக்கவே முடியாதென்றால் அடியில் இருப்பது பால் கணக்காக இருந்தால் என்ன, மளிகைச் சீட்டாக இருந்தால் என்ன? மூன்று தாள்களின் படமும் நோட்டின் ஒரு பக்கத்தின் படமும் இணைத்திருக்கிறேன்.

நேர்கோடு

திருப்பி அனுப்பியவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கோபிக்க வேண்டாம். அம்மா, நோட்டு, பால் என்று கதை சொன்னதும் எல்லோருக்கும் மனம் இளகிவிடுகிறது. அந்தக் கதையை எடுத்துவிட்டுத் தாளை மட்டும் சுவரில் மாட்டினால் என்ன மிச்சம்? கருப்பாக ஒரு தூண், பக்கத்தில் கிறுக்கல்.

அமெரிக்க ஓவியர் சை டுவாம்ப்ளியின் 1968ஆம் ஆண்டுக் "கரும்பலகை" ஓவியம் ஒன்று 2015இல் நியூயார்க் ஏலத்தில் 7 கோடி டாலரைத் தாண்டிப் போனது. அதில் இருப்பது வரிசை வரிசையாகச் சுழி. அன்றிலிருந்து சுழி போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது.

சுவரெழுத்து

நான் படித்த ஓவியன் இல்லை. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடை போர்டும் கட்சிச் சுவரும் எழுதியவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"போர்டு எழுதுகிறவர்" என்று எங்களைச் சொன்னாலும் நாங்கள் செய்தது எழுத்து வேலை இல்லை. நூலில் சாக்பீஸ் பொடி தேய்த்து, இழுத்து அடித்து, மேல்கோடு கீழ்கோடு போடுவோம். எழுத்தின் வெளிக்கோடு வரைவோம். பிறகு உள்ளே நிரப்புவோம், கடைசியில் ஷேடு. ஒரு "ழ" நாலு தடவையில் உருவாகும். கையின் வேகம் எங்கேயும் தெரியக்கூடாது, தெரிந்தால் மேஸ்திரி திட்டுவார். கையெழுத்து அதற்கு நேர் எதிர். ஒரே ஓட்டம். தப்பாகப் போனாலும் போனதுதான்.

தம்பி, உங்கள் இரண்டாவது தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "வரலை" என்பதில் "ர" காலின் அடியில் இருக்கும் சாய்வுக்கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தடிமன். "லை"யின் முன்னால் உள்ள இரட்டைச் சுழி இரண்டும் அச்சு வார்த்த மாதிரி ஒரே அளவு. உங்கள் அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு எழுதியிருப்பார். அப்படி எழுதியிருக்கவே மாட்டார். நீங்கள் போர்டு எழுதியிருக்கிறீர்கள்.

கவுன்ட்டர்3

சுவரெழுத்து அண்ணன் சொல்வதை நான் வேறு மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். வங்கியில் காசோலைக் கையொப்பம் சரிபார்க்கும் வேலை. கணினியில் கையொப்பம் தெரியாத காலத்தில் மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

புதிதாக வருகிறவர்கள் வடிவத்தைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் வடிவத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது கோட்டின் நுனிகளை. அசல் கையொப்பத்தில் பேனா ஓடிக்கொண்டே தாளில் இறங்கும், ஓடிக்கொண்டே மேலே ஏறும். அதனால் இரண்டு முனையும் மெலிந்து கூராக இருக்கும். பார்த்து எழுதியதில் பேனா முதலில் உட்காரும், பிறகுதான் நகரும். உட்கார்ந்த இடத்தில் சின்னதாக மை தேங்கிய குமிழ் இருக்கும். வளைவில் லேசான நடுக்கம். அசலைத் திரும்பிப் பார்ப்பதற்காகப் பேனாவைத் தூக்கி மறுபடி வைத்த இடத்தில் ஒரு ஒட்டு. அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். சீராக இருப்பதுதான் சந்தேகம்!

ஒரே ஆளின் இரண்டு கையொப்பம் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருக்காது. ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் முழுதாகப் பொருந்துகிறது என்றால் அது தாள் வைத்து எடுத்தது.

கறைவிரல், உங்கள் தாள்களில் அந்தக் குமிழ்கள் நிறைய இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது என்ன என்று தெரிந்துகொண்டு வைத்திருந்தால் சரி.

கறைவிரல்

இரண்டு பேருக்கும் நன்றி. ஆமாம், நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அம்மாவின் கையைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எண்ணம். வேகமாக எழுதினால் என் கையெழுத்து வந்துவிடுகிறது. மெதுவாக எழுதினால் நீங்கள் சொல்லும் போர்டு வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்டேன்.

எல்பேக்கரை

ஹாம்பர்க்கில் இருக்கிறேன், அதனால் இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹன்னே டார்போவன் (1941–2009) என்ற கலைஞர். காப்பி வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1966இல் நியூயார்க் போய் இரண்டு வருடம் இருந்தார். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் அங்கே அவருக்கு நண்பரானார்.

அவர் செய்தது பால் கணக்குக்கு ரொம்ப தூரம் இல்லை. தேதியை எடுத்துக் கூட்டுவார். நாளும் மாதமும் முழு எண்ணாக, வருடம் மட்டும் தனித்தனி இலக்கமாக. 1.1.68 என்றால் 1+1+6+8, ஆக 16. நூற்றாண்டின் கடைசி நாள் 31.12.99 என்றால் 31+12+9+9, ஆக 61. நூறு வருடத்தின் எல்லா நாளும் 2க்கும் 61க்கும் நடுவில் அடங்கிவிடும். ஒரு வருடத்துக்குள் 42 வேறு வேறு கூட்டுத்தொகைதான் வரும். அந்தத் தொகைகளை எண்ணாகவும், சொல்லாகவும், சில சமயம் வெறும் அலைக்கோடாகவும் தாள் தாளாக எழுதுவார். அலைக்கோடு என்றால் "u" என்ற எழுத்தைத் தூக்காமல் தொடர்ந்து எழுதினால் வருமே, அது. தாள்களைச் சட்டம் போட்டுத் தரையிலிருந்து கூரை வரை மாட்டுவார். 1980–83இல் செய்த "கலாச்சார வரலாறு 1880–1983" என்ற படைப்பில் மட்டும் 1,590 தாள்கள்.

அறைக்குள் நுழைந்தால் முதலில் சலிப்புதான் வரும், மறைக்க மாட்டேன். பிறகு ஒரு தாளின் பக்கத்தில் போய் நின்றால் வேறு மாதிரி. அலைகள் வரியின் தொடக்கத்தில் நெருக்கமாக இருக்கும், போகப் போகச் சாயும், அடுத்த வரியில் மறுபடி நிமிரும். சில தாள்களில் "இன்று" என்று எழுதி, அதன் மேலேயே ஒரு கோடு போட்டு அடித்திருப்பார். எழுதி முடித்தாயிற்று, அந்த நாளும் போயிற்று. "நான் எழுதுகிறேன், ஆனால் எதையும் விவரிப்பதில்லை" என்பது அவர் வார்த்தை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதுதான் எனக்கு இந்த விஷயத்தின் மையம். கருத்துக்கலை (conceptual art) கையை ஓரங்கட்டத்தான் வந்தது. லெவிட் 1967இல் எழுதிய கட்டுரையின் சாரமே யோசனைதான் வேலை, செய்வது வெறும் சடங்கு என்பது. அவருடைய சுவர்க்கோடுகளை அவர் கொடுத்த குறிப்பை வைத்து வேறு யாரும் போடலாம், இன்றும் போடுகிறார்கள். அவருக்குப் பக்கத்திலேயே இருந்த டார்போவன் அதே மாதிரி ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதைத் தன் கையாலேயே எழுதித் தீர்த்தார். வாசல் வழியாக அனுப்பிய கை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது. விதி யாருக்கும் பொது. சாய்வும் களைப்பும் பொது இல்லை.

அதனால் "டிராயிங் எங்கே?" என்ற கேள்விக்கு என் பதில்: வடிவத்தில் தேடாதீர்கள், சாய்வில் தேடுங்கள்.

நேர்கோடு

ஜெர்மனிக்காரர் செய்தால் "விதி", நம்ம ஊரில் பாட்டிகள் செய்தால் "ஸ்ரீராமஜெயம் நோட்டு". லட்சம் தடவை, கோடி தடவை எழுதி மூட்டை கட்டிக் கோயிலில் கொடுக்கிறார்கள். ஆஞ்சநேயருக்கு மாலையாகக் கோத்துப் போடுகிறார்கள். பொடி எழுத்தில் அதையே எழுதி அனுமார் உருவம் கொண்டுவருகிறவர்களும் உண்டு. யாரும் அதை உட்கார்ந்து படிப்பதில்லை. அப்போது அதுவும் கருத்துக்கலையா?

ஓலைக்கட்டு

நேர்கோடு கிண்டலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. எனக்கு அந்த நோட்டுகள் பிடிக்கும். பொடி எழுத்தில் அனுமார் செய்வதை விட வெறும் நோட்டு பிடிக்கும். அனுமார் படத்தில் எழுத்து வெறும் புள்ளியாகிவிடுகிறது. நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் "ஜெ"யின் கொம்பு மாறுவதைப் பார்க்கலாம். எழுதியவர் அதைக் கலையாக நினைக்கவில்லை, சாமிக்காக எழுதினார். அந்த வித்தியாசத்தை மதிக்க வேண்டும், சட்டம் போட்டு மாட்டி "பார்த்தீர்களா, டார்போவன்" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் படிப்பதற்கு அல்லாமல் எழுதுவது நமக்குப் புதிதில்லை என்பது சரிதான். கறைவிரல் தாளின் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதை யாராவது வாசித்திருக்கிறோமா? பேனாவை ஓட வைக்கும் முதல் சுழி அது.

நான் சுவடிகளோடு வேலை செய்கிறவள். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓலையில் மை எழுதுவதில்லை. எழுத்தாணி கீறும். ஓலையை இடது கையில் பிடித்து, கட்டைவிரல் முனையில் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையைத்தான் நகர்த்துவார்கள். கீறி முடித்தபின் விளக்குக்கரியோடு இலைச்சாறு, மஞ்சள் என்று சேர்த்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருப்பு தங்கும். மையாடல் என்பது இதைத்தான். அதனால் அழுத்தினால் தடிப்பு, விட்டால் மெலிவு என்ற விளையாட்டு ஓலையில் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். இருந்தும் நாலைந்து கட்டு பார்த்தபின் "இது அதே கை" என்று தெரிந்துவிடும். எழுத்துகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்குகின்றன, வரி எந்தப் பக்கம் சரிகிறது என்பதில் தெரியும். கவுன்ட்டர் சார் சொன்ன கூர்முனை இங்கே இல்லை, ஆனாலும் ஆள் இருக்கிறார்.

ஆகவே மையின் தடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு "இது உயிருள்ள கோடு, இது செத்த கோடு" என்று தீர்ப்பு சொல்வதில் எனக்குத் தயக்கம்.

கவுன்ட்டர்3

ஒத்துக்கொள்கிறேன், ஓலை எனக்குத் தெரியாத உலகம். ஆனால் கறைவிரல் நிப்பு பேனாவை எடுத்திருக்கிறார். நிப்பு எடுத்தால் அழுத்தம் பேசும். வேண்டாமென்றால் டெக்னிக்கல் பேனா எடுத்திருக்கலாம், ஒரே தடிமனில் கோடு வரும்.

மஞ்சள்தாள்

பார்த்து எழுதுவது பற்றி. சீனாவில் சியு ஜிஜியே என்ற கலைஞர் 1990இலிருந்து 95 வரை ஒரு வேலை செய்தார். வாங் ஷிஜி 353இல் எழுதிய "ஆர்க்கிட் மண்டப முன்னுரை" அங்கே கையெழுத்துக் கலையின் உச்சம். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் தூரிகை பழகுவார்கள். அதை அவர் ஒரே தாளில் ஆயிரம் தடவை எழுதினார். கறைவிரல் செய்வது போலவே, எழுதியதன் மேலேயே. சீக்கிரமே தாள் முழுக் கருப்பு. அதற்குப் பிறகும் எழுதினார், கருப்பின் மேல் கருப்பு மை.

கருப்பான பிறகு எழுதியவைதான் என்னைப் பொறுத்தவரை வேலையே. யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, கை மட்டும் அசையும். இன்னொன்று, வாங் ஷிஜி கையால் எழுதிய மூலம் இன்று இல்லை. ஒரு டாங் பேரரசரோடு சமாதியில் போய்விட்டது என்பார்கள். இப்போது உலகம் "அசல்" என்று கும்பிடுவது எல்லாமே பிரதி. பிரதி எடுத்தவர்களின் கை அதற்குள் கலந்தே இருக்கிறது. அதனால் அம்மாவின் கை அச்சாக வரவில்லை என்று கறைவிரல் கவலைப்பட வேண்டியதில்லை.

அம்மாவின் கையே வேண்டும் என்றால் வழி வேறு. ஜரீனா ஹஷ்மி என்ற அச்சு ஓவியர் அலிகரில் பிறந்தவர், வாழ்நாளில் பாதிக்கு மேல் வெளிநாட்டில். அவருடைய அக்கா ராணி அவருக்கு உருதுவில் கடிதங்கள் எழுதித் தபாலில் சேர்க்காமலே வைத்திருந்தார். பிறகு அவை ஜரீனாவின் கைக்கு வந்தன. 2004இல் அவர் அந்தக் கடிதங்களைத் தன் கையால் திரும்ப எழுதவில்லை. அக்காவின் கையெழுத்தை அப்படியே தகட்டுக்கு மாற்றி அச்சிட்டு, அதன் மேல் வீட்டு வரைபடத்தையும் ஊர் வரைபடத்தையும் வைத்தார். அக்காவின் எழுத்து அக்காவுடையதாகவே இருந்தது. தன் பங்குக்கு மேலே போட்டது கோடு மட்டும்.

இஞ்சம்பாக்கம்

என்ன இது, இவ்வளவு பேர் பேசியும் யாரும் பணிக்கர் பெயரை எடுக்கவில்லை! பக்கத்திலேயே இருப்பதை விட்டுவிட்டு ஹாம்பர்க், சீனா என்று போகிறோம்.

கே.சி.எஸ். பணிக்கர், 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963இலிருந்து அவர் செய்த "சொற்களும் குறியீடுகளும்" வரிசையில் ஜாதகக் கட்டம், இயற்கணிதச் சமன்பாடு மாதிரி ஏதோ, மீன், பறவை, அவற்றின் நடுவில் பொடிப்பொடியாக எழுத்து. மலையாளம் போலத் தோன்றும். மலையாளம் தெரிந்த நண்பரைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னேன். ஒரு எழுத்தில் தொடங்கி அடுத்ததில் வழுக்கிவிட்டார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு கூடம் இருக்கிறது, அங்கேயும் போய்ப் பார்க்கலாம்.

அது எண்ணெய் வண்ணம், மை இல்லை, தெரியும். ஆனால் எழுதிய விதம் மைக்காரனுடையது. ஜாதகம் எழுதுகிறவர் கட்டத்துக்குள் "சூ", "செ", "ரா" என்று போட்டு, ஓரத்தில் குறுக்கே நெடுக்கே கணக்குப் போடுவாரே, அந்தப் பழக்கப்பட்ட அவசரம் அதில் இருக்கிறது. படிக்க முடியாது, ஆனால் யாரோ ஒருவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கை வந்துவிடும். ஜாதகத்தை நீட்டும் ஜோசியர் எதிரில் நாம் உட்கார்ந்திருக்கும் நிலைமைதான்.

சுவரெழுத்து

ஓவியர் ஆதிமூலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் போட்ட கருப்பு மைக் காந்தி வரிசை. கோட்டை நிறுத்தாமல் சுழற்றியே தாத்தாவைக் கொண்டுவந்திருப்பார். புத்தக அட்டைக்கும் சிறுபத்திரிகைக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்தை நாங்கள் கடையில் வைத்துப் பார்ப்போம். ஸ்கேல் படாத எழுத்து. எங்கள் தொழிலில் அப்படி எழுதினால் காசு தர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நேர்கோடு

பணிக்கர் விஷயத்தில் சண்டை இல்லை, அதில் அமைப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது. என் சிக்கல் கறைவிரலின் இரண்டாவது கேள்வியில். அழிந்துபோகும் எழுத்துக்கு அடியில் என்ன இருந்தால் என்ன? "என்னவாக இருந்தாலும் ஒன்றுதான்" என்றால் பால் கணக்கு என்பது சுவரில் ஒட்டும் குறிப்புச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. படத்தில் இல்லை.

மஞ்சள்தாள்

அர்ஜென்டினாவில் இந்தக் கேள்விக்கு இரண்டு கலைஞர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

லியோன் ஃபெராரி 1963இல் "ஒரு ஜெனரலுக்குக் கடிதம்" என்று மையில் ஒன்று எழுதினார். கடிதம் போலவே வரிகள், ஆனால் எழுத்துகள் நீண்டு முறுக்கிக்கொண்டு ஒரு சொல்லும் பிடிபடாது. அடுத்த வருடமே "எழுதிய ஓவியம்" என்று இன்னொன்று, அதுவும் மைதான், இது படிக்க முடியும். தனக்கு வரையத் தெரிந்திருந்தால் என்ன வரைந்திருப்பேன் என்று எழுத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறார். முதலாவதில் தலைப்பை எடுத்தால் பாதி போய்விடும், நேர்கோடு சொல்வது அங்கே உண்மை. இரண்டாவதில் எழுத்தை எடுத்தால் எதுவுமே இல்லை.

மிர்தா டெர்மிசாச்சே (1940–2012) வேறு வழி. 1967இல் முதல் புத்தகம், ஐந்நூறு பக்கம், ஒரு சொல்லும் கிடையாது. எல்லாம் மையில் ஓடும் வரிகள், பத்திகள், இடைவெளிகள். 1971இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் அதைப் பாராட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். அடியில் என்ன எழுதினார் என்று கேட்டால் ஒன்றுமே இல்லை, எதையும் மறைக்கவில்லை. ஆனால் 1972இல் ஒரு செய்தித்தாள் செய்தார், அதே மாதிரி படிக்க முடியாத பத்திகளோடு. அதில் ஒரு பத்தி, அந்த வருடம் ட்ரெலெவ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பதினாறு அரசியல் கைதிகளுக்காக. தாளைப் பார்த்து அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் சொன்னதால் தெரியும்.

எல்பேக்கரை

இர்மா பிளாங்க் என்று ஒருவர், ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியரை மணந்து சிசிலிக்குப் போனவர். மொழி புரியாத ஊரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார், சொல் இல்லாமல். 70களில் புத்தகப் பக்கங்களையும் செய்தித்தாள் பக்கங்களையும் எடுத்து, வரிக்கு வரி, பத்திக்குப் பத்தி மையில் "பெயர்த்து" எழுதினார். எழுத்து எதுவும் இருக்காது. ஆனால் கவிதைப் பக்கம் எது, உரைநடை எது, பத்திரிகை எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

நேர்கோடு அவர்களே, உங்களுக்கான பதில் இதில் இருப்பதாக நினைக்கிறேன். சொல் போனாலும் பக்கத்தின் எலும்பு நிற்கிறது. கறைவிரலின் தாளில் மளிகைச் சீட்டு இருந்திருந்தால் இடது ஓரத்தில் தூண் வந்திருக்காது. சீட்டுக்குச் சீட்டு பொருள் மாறும், இடம் மாறும். தேதி ஒன்றுதான் மாதா மாதம் அதே இடத்தில் வந்து உட்காரும். அந்தத் தூணை நிறுத்தியது பால் கணக்குதான். "வரலை" தனியாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம், பால்காரர் வராத நாள் மாதத்துக்கு மாதம் வேறு.

நேர்கோடு

சரி, இது நல்ல பதில். சீட்டில் மட்டும் இல்லை, படத்திலும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே கண்ணோடு பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. கறைவிரல், உங்கள் முதல் பதிவில் நோட்டின் படமும் இருக்கிறதே, அதைப் பாருங்கள். 4ஆம் தேதி நீல ரீஃபில். 5 கருப்பு. 9ஆம் தேதி பேனா எழுதாமல் இரண்டு தடவை கீறி, மூன்றாவதில் மை வந்திருக்கிறது. 17 பென்சில். சில நாள் எழுத்து சாய்ந்திருக்கிறது, நின்றபடி எழுதியிருப்பார். அம்மா ஒரு நாளைக்கு ஒரு வரிதான் எழுதினார். அந்தப் பக்கம் முடிய ஒரு மாதம் ஆனது. நீங்கள் ஒரே உட்காரலில், ஒரே நிப்பில், ஒரே மையில் முப்பது நாளையும் எழுதிவிடுகிறீர்கள். வடிவத்தைக் காப்பி அடித்துவிட்டு நாட்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். எல்பேக்கரை சொன்ன அம்மையார் "இன்று" என்று எழுதி அடித்தது அன்றைக்குத்தானே? போர்டு மாதிரி இருக்கிறதென்றால் அதனால்தான், நிப்பின் மேல் பழி போடாதீர்கள்.

கவுன்ட்டர்3

நேர்கோடு சார், வங்கியில் இருந்திருக்க வேண்டிய ஆள் நீங்கள்.

மஞ்சள்தாள்

இதில் ஒருவர் கடைசி வரை போனார். போலந்து ஓவியர் ரோமான் ஒபால்கா 1965இல் வார்சாவில் 1 என்று எழுதத் தொடங்கி, 2, 3 என்று 2011இல் இறக்கும் வரை எழுதினார். கடைசி எண் 5607249. கேன்வாஸில் வெள்ளை எண்கள், பின்னணி முதலில் கருப்பு, பிறகு சாம்பல். 1972இலிருந்து ஒவ்வொரு கேன்வாஸிலும் பின்னணியில் ஒரு சதவீதம் வெள்ளை கூட்டிக்கொண்டே போனார். தூரிகையைத் தோய்க்கும்போது எண் பளிச்சென்று இருக்கும், காயக் காய மங்கும், மறுபடி பளிச். ஊருக்குப் போகும்போது கேன்வாஸைத் தூக்கிப் போக முடியாதே? எண் விட்டுப்போகக் கூடாதென்று தாளும் மையும் எடுத்துப் போய் விட்ட இடத்திலிருந்து எழுதினார். "பயண அட்டைகள்" என்று அவற்றுக்குப் பெயர். கேன்வாஸ்களை விட எனக்கு அவைதான் பிடிக்கும். ஓட்டல் மேஜையில் எழுதிய எண்கள்.

கறைவிரல்

நேர்கோடு சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன், பேனா மாறிய இடம் எல்லாம் நான் எழுதும்போது கண்ணில் பட்டுத்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் கருப்பாக்கிவிட்டேன்.

இனி ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, அளவு, தலையில் சுழி மாதத்துக்கு ஒரு தடவை. நோட்டைப் பார்க்காமல், என் கையெழுத்திலேயே. எங்கள் வீட்டில் இப்போது பாக்கெட் பால்தான், அது தினமும் வந்துவிடும், அதனால் அளவு அம்மாவின் நோட்டிலிருந்து, கை என்னுடையது. ஒரு தாள் முடிய ஒரு வருடம் ஆகும். பழைய தாள்களைக் கிழிக்க மாட்டேன், அவையும் இருக்கட்டும்.

இப்போது நடைமுறைச் சிக்கல். தினமும் ஒரு வரிக்காக நிப்பு நனைத்தால் மை பாட்டிலில் காய்கிறது. ஊற்றுப்பேனாவில் போடலாமா? ஒரு வருடம் திறந்தே இருக்கும் தாள், சென்னை ஈரம் வேறு.

ஓலைக்கட்டு

இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் கரியோடு அரக்கும் இருக்கும், உள்ளே காய்ந்தால் பேனா போச்சு. சாதாரண ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் சாயம், வெளிச்சத்தில் வெளுக்கும், தண்ணீர் பட்டால் ஓடும். அம்மா காலத்து நீல மை கடிதங்களைப் பாருங்கள். கரித்துகள் மை, ஊற்றுப்பேனாவுக்கென்றே நைசாகச் செய்தது கிடைக்கிறது, அது பரவாயில்லை, ஆனால் தினமும் எழுத வேண்டும். நீங்கள் எழுதத்தானே போகிறீர்கள். பழைய இரும்பு மை வாங்காதீர்கள், ஒரே இடத்தில் பன்னிரண்டு தடவை தேதி விழுந்தால் அது நாளடைவில் தாளைத் தின்றுவிடும். அந்தத் தூணே ஓட்டையாகிவிடும்.

தாள் அமிலம் இல்லாத பருத்தித் தாளாக வாங்குங்கள். எழுதாத நேரம் மேலே ஒரு மெல்லிய தாள் மூடி, தட்டையாக வையுங்கள், சுருட்ட வேண்டாம்.

சுவரெழுத்து

பன்னிரண்டாவது தடவைக்குள் நிப்பு நார் பிடுங்கும் தம்பி. கூர் நிப்பு வேண்டாம், கொஞ்சம் தேய்ந்த நிப்பு எடுங்கள். ஓரத்தில் அதே தாள் துண்டு ஒன்று வைத்து முதலில் அதில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தாளில் இறக்குங்கள்.

நேர்கோடு

ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பதையும் அந்தத் தாளிலேயே தேய்க்கட்டும். 9ஆம் தேதி அம்மா அப்படித்தான் செய்திருக்கிறார்.